ஒரு பிரபுவின் கருணையும் பத்து மணித்தியாலமும்

இலண்டன் மாநகரின் பிக்கடிலிச் சந்தியில், அலுமினியத்தால் வார்க்கப்பட்ட சிறகுடைய உருவமொன்று வில்லேந்தி ஒற்றைக் காலில் நிற்கின்றது. அதனைக் காதற் கடவுளின் சிலையென்றே உலகம் அழைத்து வருகிறது. அச்சந்தியிற் கூடிப் பிரியும் ஆயிரக்கணக்கானோரில் மிகச் சிலரே அது யாருடைய நினைவாக நிறுவப்பட்டது என்பதை அறிவர். அல்பிரட் கில்பேர்ட் என்னும் சிற்பி வடித்த அச்சின்னம், 1885இல் மறைந்த ஏழாவது ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவுக்காக 1893இல் திறந்து வைக்கப்பட்டது.

ஆங்கிலேய வரலாற்றைப் பாடமாகக் கற்றோர் இப்பெயரை மறந்திருக்க மாட்டார்கள். "ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வாடிய பிள்ளைகளை மீட்டவர் ஷாப்ட்ஸ்பரிப் பிரபு" என்று ஒரு வரியிற் படித்து, ஒரு வரியில் விடையெழுதி, மேலே சென்றவர்கள் நாம். அந்த ஒரு வரியில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. அவரை ஏழைகளின் இரட்சகராகக் கொண்டு போற்றுவோர் ஒருபுறம். பிரபு வர்க்கத்தின் கபட நாடகமென்று தள்ளிவிடுவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் மனிதனை அவன் வாழ்ந்த சமுதாயத்திலிருந்து பிரித்தே பார்க்கின்றனர். அவருடைய வாழ்வையும் குடும்பத்தையும் அவற்றைச் சூழ்ந்திருந்த வர்க்க உறவுகளோடு சேர்த்து நோக்கினால், கருணையினால் எதனைச் செய்ய முடியும், எதனைச் செய்ய முடியாது என்பது தெளிவாகும். அவ்வகையிலேயே இவ்வாழ்க்கை நமக்குப் பயன்படுகிறது.

அன்ரனி ஆஷ்லி கூப்பர் 1801ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 28ஆந் திகதி, இலண்டனின் செல்வர் குடியிருப்பான குறோஸ்வெனர் சதுக்கத்திற் பிறந்தார். தந்தையார் 1811இல் ஆறாவது ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவாகப் பட்டமேற்றவர். தாயார் மார்ல்பரோக் கோமகனின் மகள். தந்தையின் பட்டத்துக்கு உரிய மூத்த மகன் என்ற முறையில் ஆஷ்லிப் பிரபு என்னும் பெயராலேயே இவர் 1851 வரை வழங்கப்பட்டார்.

இக்குடும்பத்தின் வரலாறு இங்கிலாந்தின் ஆளும் வர்க்க வரலாற்றின் சுருக்கமே எனலாம். குடும்பத்தின் முதலாவது பிரபு, குறொம்வெல்லின் ஆட்சிச் சபையிலும் இருந்தவர். பின்னர் அரசு மீண்டபோது இரண்டாம் சார்ள்ஸ் மன்னனின் உயர் மந்திரியாகவும் இருந்தவர். விக் கட்சியைத் தோற்றுவித்தவரும் அவரே. தத்துவஞானி ஜோன் லொக் அவருடைய வீட்டில் வைத்தியராகவும் செயலாளராகவும் வாழ்ந்தார். மனித சுதந்திரத்தின் தத்துவம் அவ்வீட்டின் நிழலில் வளர்ந்த அதே காலத்தில், அமெரிக்காவின் கரோலைனாக் குடியேற்றத்தின் உரிமையாளருள் ஒருவராகவும் அப்பிரபு விளங்கினார். 1669இல் அக்குடியேற்றத்துக்கென வரையப்பட்ட யாப்பு, நீக்ரோ அடிமைகள்மீது எசமானுக்கு முழு அதிகாரம் வழங்கியது. மூன்றாவது பிரபுவோ, நன்மை தீமைகளை உணரும் இயல்பு மனிதனுக்குப் பிறவியிலேயே உண்டென வாதித்த தத்துவாசிரியர். சுதந்திரத்தைப் பேசிய நாவும் அடிமையை வைத்திருந்த கையும் ஒரே குடும்பத்துக்கு உரியனவாக இருந்தமை தற்செயலன்று. நிலவுடைமையும் வணிகமும் கைகோத்த காலத்தின் இயல்பு அது.

இத்தகைய மாளிகையிற் பிறந்த பிள்ளை அன்பில்லாமலே வளர்ந்தது. தந்தை கடுமையே வடிவானவர். தாய் உலகியல் இன்பங்களில் ஆழ்ந்தவர். பிள்ளைகள் பெற்றோரைக் கண்டு நடுங்கினர். அச்சிறுவனுக்கு அன்பு காட்டிய ஒரே உயிர், மரியா மில்லிஸ் என்னும் பணிப்பெண். அவளே மடியில் இருத்திக் கதை சொன்னாள். செபஞ் செய்யக் கற்பித்தாள். அவன் சிறுவனாக இருக்கும்போதே அவள் இறந்தாள். இறக்கும்போது தன் பொற்கடிகாரத்தை அவனுக்கு விட்டுச் சென்றாள். பிற்காலத்தில் எத்தனையோ பெறுமதி வாய்ந்த பொருள்கள் கைக்கு வந்தபோதும், அந்தக் கடிகாரத்தையே அவர் இறுதிவரை அணிந்திருந்தார். ஏழு வயதில் அனுப்பப்பட்ட விடுதிப் பாடசாலையும் கொடுமை நிறைந்ததாகவே இருந்தது. பிள்ளைகளின் துயரைக் காணும் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்போர் இவ்விளமைக் காலத்தை மறக்கலாகாது. குடும்பத்தின் செல்வம் அவருக்குப் பதவியைத் தந்தது. கூலிக்கு உழைத்த ஒரு பெண் அவருக்கு இதயத்தைத் தந்தாள்.

ஹரோப் பாடசாலையிற் கற்ற காலத்தில், குடிவெறியில் இருந்தோர் ஓர் ஏழையின் பிணத்தைத் தூக்கி வந்து, இடையிற் பெட்டியைக் கீழே போட்டு ஏசியதைக் கண்டு மனம் உடைந்தாரென்றும், ஏழைகளுக்காக வாழ அன்றே முடிவு செய்தாரென்றும் கூறுவர். ஒக்ஸ்போர்டில் முதல் வகுப்பிற் சித்தியடைந்த பின், 1826இல் வூட்ஸ்ரொக் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினரானார். அது அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் சட்டைப்பைக்குள் இருந்த தொகுதி. அக்காலத்தில் ஒரு பிரபுவின் மகன் சட்டசபைக்குச் செல்வது இவ்வளவு எளிது.

1831இல் டோர்செற் மாவட்டத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில், வாக்குரிமைச் சீர்திருத்தத்தை எதிர்க்கும் வேட்பாளராக அவர் நின்று வென்றார். அத்தேர்தலுக்குச் செலவான தொகை 15,000 பவுணுக்கு மேற்பட்டது. அதிற் பெரும்பகுதி வாக்காளருக்கு உண்டியும் குடியும் வழங்கிய விடுதிகளுக்கே சென்றது. அக்காலத்தில் டோர்செற்றின் வயல்களில் உழைத்த கூலியாளின் வாரக் கூலி ஏழெட்டு ஷிலிங். 7 ஷிலிங் வீதம் கணக்கிட்டால், அந்த 15,000 பவுணை ஈட்ட ஒரு கூலியாள் 800 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். ஒரு பைசாவும் உண்ணாமல் உழைக்க வேண்டும்! இக்கடன் பிரபுவை நெடுங்காலம் அழுத்தியது என்பது உண்மை. அக்கடனுக்குக் காரணமான அமைப்பினை மாற்ற அவர் விரும்பவில்லை என்பதும் உண்மையே.

1830இல் எமிலி கௌப்பர் என்னும் அழகியை மணந்தார். மினி எனச் செல்லமாக அழைக்கப்பட்ட அவ்வம்மையின் தாய்மாமன், பின்னாளிற் பிரதம மந்திரியான மெல்பேர்ண் பிரபு. அவளுடைய தாயார் கணவனை இழந்தபின் 1839இல் பாமர்ஸ்ரன் பிரபுவை மணந்தார்; மினி உண்மையிற் பாமர்ஸ்ரனின் மகளே என்பது அன்றைய இலண்டனிற் பரவலான நம்பிக்கை. பாமர்ஸ்ரனும் பிற்காலத்திற் பிரதம மந்திரியானார். ஆக, நம் பிரபு ரோரிக் கட்சியினர். அவர் பெண் எடுத்த இடமோ விக் கட்சியின் கருவறை. பாராளுமன்றத்தில் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டோர் மாலையில் ஒரே மேசையைச் சூழ்ந்திருந்து உணவருந்தினர். கட்சிகள் இரண்டு, குடும்பம் ஒன்று. இக்குடும்பத்துக்கு வெளியே இருந்த பல இலட்சம் உழைப்பாளிகளுக்கு வாக்கே இல்லை.

அந்த உழைப்பாளிகளிடமிருந்துதான் அவருக்கு அழைப்பு வந்தது. நூற்பாலைகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 12, 14 மணித்தியாலம் உழைத்த காலம் அது. யோர்க்ஷயர் ஆலைகளின் அடிமைத்தனத்தைப் பற்றி 1830இல் ரிச்சர்ட் ஓஸ்ற்லர் எழுதிய பகிரங்கக் கடிதம் நாட்டை உலுக்கியது. ஆலைத் தொழிலாளர் ஊர் தோறும் வேலைநேரக் குறைப்புக் குழுக்களை அமைத்தனர். 1832 ஏப்பிரலில் மழையிலும் சேற்றிலும் கால்நடையாக யோர்க் நகருக்கு ஊர்வலஞ் சென்றனர். அவர்களின் குரலைப் பாராளுமன்றத்தில் எழுப்பிய மைக்கல் சட்லர், 1832ஆம் ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் லீட்ஸ் நகரில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர், இந்தியக் கல்வி பற்றிய குறிப்பினால் நம்மவர் நன்கறிந்த மக்காலே. வாக்கில்லாத மக்களுக்குப் பாராளுமன்றத்தில் ஒரு நா தேவைப்பட்டது. 1833இல் அவர்களின் சார்பில் இலண்டன் சென்ற ஜோர்ஜ் புல் என்னும் பாதிரியார் ஆஷ்லியைக் கண்டு, பத்து மணித்தியால மசோதாவைக் கையேற்குமாறு வேண்டினார். ஆலையொன்றினையும் அதுவரை நன்கறியாத அவ்விளைஞர் மனைவியோடு ஆலோசித்தார். பதவியும் செல்வாக்கும் போகுமென்பதை அறிந்தும் அவ்வம்மை அவரை ஊக்கினாள். அவர் இசைந்தார்.

இங்கே வரிசையை நாம் கவனிக்க வேண்டும். இயக்கம் முன்னே, பிரபு பின்னே. பாடநூல்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன.

அரசாங்கம் அவருடைய மசோதாவை ஒதுக்கித் தன் சொந்தச் சட்டத்தை 1833இல் நிறைவேற்றியது. பட்டாலைகள் தவிர்ந்த நெசவுசார் ஆலைகளில் 9 வயதுக்கு உட்பட்டோரின் வேலை தடைசெய்யப்பட்டது. 13 வயதுக்கு உட்பட்டோருக்கு 9 மணித்தியாலமும், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 12 மணித்தியாலமும் உச்ச எல்லையாயின. சட்டத்தைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கு பரிசோதகர்கள்! ஆயினும் முதன்முறையாக ஆலையின் வாசலைத் தாண்டி அரசின் கண் உள்ளே நுழைந்தது. முதலாளிமாரின் சார்பிற் பேசிய பொருளாதார அறிஞர்கள் பதறினர். நாளின் கடைசி மணித்தியாலத்திலேதான் இலாபம் பிறக்கிறது. அதனை வெட்டினால் தொழிலே அழியும் என 1837இல் நாசோ சீனியர் என்பார் கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கணக்கினைப் பின்னர் கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் எள்ளி நகையாடியமை வாசகர் அறிந்ததே.

ஆஷ்லி இக்காலத்தில் உழைத்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆலை நகரங்களுக்கு நேரிற் சென்றார். அங்கவீனரான பிள்ளைகளைக் கண்டார். தொழிலாளர் குழுக்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1841இல் பிரதம மந்திரி பீல் பதவி தர முன்வந்தபோது, பத்து மணித்தியாலத்தை ஆதரிக்க வாக்குறுதி தராத அரசாங்கத்தில் இருக்க இயலாதென மறுத்தார். கடனில் மூழ்கியிருந்த, பல பிள்ளைகளின் தந்தையான ஒருவருக்கு இது எளிய தியாகமன்று.

ஆனால் அவருக்கும் தொழிலாளருக்கும் இடையிலிருந்த தூரத்தை வில்லியம் டொட் என்பவரின் கதை காட்டுகிறது. ஆறு வயதிலே ஆலைக்குட் சென்று உடல் முடமாகி, ஒரு கையையும் இழந்தவர் டொட். அவர் தம் துயர வாழ்வை 1841இல் நூலாக எழுதினார். ஆஷ்லி அவருக்கு உதவினார். ஆலை நகரங்களுக்கு அனுப்பி நிலைமைகளைத் திரட்டச் செய்தார். அங்கிருந்து பிரபுவுக்கு டொட் எழுதிய கடிதங்கள் 1842இல் நூலாயின. 1844இல் ஆலை முதலாளியும் பாராளுமன்ற உறுப்பினருமான ஜோன் பிறைற், சபையில் எழுந்து டொட்டின் நேர்மையைத் தாக்கினார். ஆஷ்லி அவரைக் கைவிட்டார். டொட் அமெரிக்காவுக்குச் சென்றார். பிரபுவின் மானம் காக்கப்பட்டது. தொழிலாளியின் மானம் காற்றிற் பறந்தது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட தொழிலாளி, சாட்சியாக மட்டுமே இருக்க வேண்டும். தோழனாக வர இயலாது.

ஆலைகளுக்கு அடுத்து அவர் கவனத்தைக் கவர்ந்தவை சுரங்கங்கள். 1838 யூலை 4ஆந் திகதி யோர்க்ஷயரின் ஹஸ்கர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது 26 பிள்ளைகள் மாண்டனர். அவர்களுள் மிக இளையவர் 7 வயதினர். ஆஷ்லியின் முயற்சியால் 1840இல் அமைக்கப்பட்ட பிள்ளைகள் தொழில் விசாரணைக் குழு, 1842 மே மாதத்தில் அறிக்கையை வெளியிட்டது. எழுத்தறியாதோரும் புரிந்துகொள்ளத்தக்க படங்கள் அதில் இருந்தன. இடுப்பிற் கட்டிய வாரும், கால்களினிடையே ஓடிய சங்கிலியுமாக, நான்கு காலில் தவழ்ந்து நிலக்கரி வண்டியை இழுக்கும் சிறுமியர். கும்மிருட்டில் நாள் முழுவதும் தனியே இருந்து காற்றுக் கதவைத் திறந்து மூடும் ஐந்தாறு வயதுப் பாலகர். இவற்றைக் கண்ட நாடு தலைகுனிந்தது. பெண்களும் சிறுமியரும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடைசெய்யும் மசோதா பொதுமக்கள் சபையில் எளிதில் நிறைவேறிற்று.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? பிரபுக்கள் சபையிலிருந்து வந்தது! நிலத்தின் கீழே கிடந்த கரியும் நிலப்பிரபுக்களுக்கே உரியது. பெரும் சுரங்க உடைமையாளரான லண்டன்டெரிப் பிரபு முன்னின்று எதிர்த்தார். 13 வயதுக்கு உட்பட்ட சிறுவரை விலக்க ஆஷ்லி விரும்பினார். பிரபுக்கள் அதனை 10 வயதாகக் குறைத்தனர். ஆலை முதலாளியின் கொடுமையைக் கண்டு கண்ணீர் வடித்த நிலவுடைமை வர்க்கம், தன் சொந்தச் சுரங்கத்தின் வாசலுக்கு வந்ததும் கண்ணீரைத் துடைத்துக் கொண்டது.

ஆஷ்லியின் சொந்த நிலத்தை நோக்குவோம். டோர்செற்றின் விம்போர்ண் சென்ற் ஜைல்ஸ் கிராமத்தில் அவருடைய குடும்ப மாளிகை இருந்தது. சுற்றிலும் பரந்த நிலங்கள். இங்கிலாந்திலேயே மிகக் குறைந்த கூலி பெற்றோர் அம்மாவட்டத்தின் விவசாயக் கூலியாட்கள். 1834இல் அதே மாவட்டத்தின் ரொல்படில் கிராமத்தில், ஜோர்ஜ் லவ்லெஸ் முதலிய ஆறு கூலியாட்கள் கூலிக் குறைப்பை எதிர்க்கச் சங்கம் அமைத்தனர். இரகசியச் சத்தியஞ் செய்தனரென்று அவர்கள்மீது குற்றஞ் சாட்டி, ஏழாண்டுத் தண்டனை விதித்து அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினர். அத்தண்டனையை ஆதரித்து நின்ற உள்நாட்டு மந்திரி, ஆஷ்லியின் மனைவியின் மாமனாகிய மெல்பேர்ண். அம்மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினருள் ஒருவர் ஆஷ்லி. அவர்களை மீட்கும் போராட்டத்தைப் பாராளுமன்றத்தில் முன்னெடுத்தவரோ, தோமஸ் வேக்லி என்னும் தீவிரவாத உறுப்பினர். இலண்டன் வீதிகளில் திரண்ட தொழிலாளரின் போராட்டத்தால் 1836இல் அவர்கள் மன்னிப்புப் பெற்றனர்.

"உமது தந்தையின் கூலியாட்களைப் பாரும்" என்று ஆலை முதலாளிமார் ஆஷ்லியை ஏளனஞ் செய்தது இதனாலேயே. அவர்கள் நோக்கம் தூயதன்று. ஆனால் அவர்கள் காட்டிய காட்சி பொய்யன்று. 1843இல் டோர்செற்றில் நடந்த விவசாயச் சங்க விருந்தொன்றில், கூலியாட்களின் இழிநிலையை ஆஷ்லி துணிந்து எடுத்துரைத்தார். அதற்காகத் தந்தையின் சினத்துக்கு ஆளாகி, பிறந்த வீட்டின் வாசலையும் இழந்தார். 1845 அளவில், 'மோர்ணிங் குறொனிக்கிள்' பத்திரிகை வயற்கூலிகளின் நிலையை அம்பலப்படுத்தியபோது ஷாப்ட்ஸ்பரிக் குடும்பத்தின் நிலங்களும் தப்பவில்லை. இதனை மார்க்ஸ் 'மூலதன'த்திற் சுட்டிக்காட்டுகிறார். நிலப்பிரபு ஆலையைச் சாடுகிறான். ஆலை முதலாளி வயலைச் சாடுகிறான். சுரண்டுவோர் இருவரும் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்கும்போது, உழைப்பாளிக்கு உண்மை வெளிச்சமாகிறது.

இந்த முரண்பாடே பத்து மணித்தியாலச் சட்டத்துக்கும் வழி திறந்தது. 1844இல் ஆஷ்லியின் திருத்தம் சிறு பெரும்பான்மையால் வென்றது. பதவி விலகுவேன் என்று பீல் அச்சுறுத்தியதும் சபை தன் முடிவையே மாற்றிக்கொண்டது. 1846இல் தானியச் சட்டங்களை நீக்கும் பிரச்சினை எழுந்தது. தானிய விலையைக் காப்பதற்கென்றே நிலவுடைமையாளர் ஆஷ்லியைத் தெரிவு செய்திருந்தனர். அச்சட்டங்கள் நீங்க வேண்டுமென்று அவர் இப்போது எண்ணினார். வாக்களித்தோரை ஏமாற்றலாகாதெனத் தம் பதவியைத் துறந்தார். இத்தகைய நேர்மை அரசியலில் அரிது. அதனால், 1847 யூன் 8ஆந் திகதி பத்து மணித்தியாலச் சட்டம் நிறைவேறியபோது அவர் சபையில் இல்லை! அதனை நிறைவேற்றியவர், தாமே பஞ்சாலை உடைமையாளரான ஜோன் பீல்டன். தானியச் சட்டங்களை இழந்து கொதித்திருந்த நிலவுடைமையாளர் பலர், ஆலை முதலாளிமாரைப் பழிவாங்கும் மனத்தோடு ஆதரவாக வாக்களித்தனர். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குழுக்களை அமைத்து, மனுக்களை நிரப்பி, கூட்டங்களைக் கூட்டி, அந்த வாக்குகளைப் பெறத் தருணம் பார்த்திருந்தோர் தொழிலாளரே.

அவர்களின் முயற்சிக்குச் சுவையானதோர் உதாரணம் உண்டு. இயக்கத்தைச் சேர்ந்த பிலிப் கிறான்ற் என்பவர் பதிவு செய்தபடி, தொழிலாளர் பிரதிநிதிகள் பாமர்ஸ்ரனின் மாளிகைக்குச் சென்று, வரவேற்பறையின் பெரிய நாற்காலிகளையே நூற்பு யந்திரமாகப் பாவித்து, அதன் பின்னே ஒரு பிள்ளை நாள் முழுவதும் எவ்வாறு நடக்கிறது என்பதைச் செய்து காட்டினர். பாமர்ஸ்ரனும் தம் ஏவலாளோடு சேர்ந்து நாற்காலியைத் தள்ளிப் பார்த்தார். பிள்ளையின் களைப்பை ஆளும் வர்க்கத்துக்கு விளக்க, அதன் கைகளிலேயே நாற்காலியைக் கொடுக்க வேண்டியிருந்தது!

சட்டம் வந்தும் போராட்டம் முடியவில்லை. பெண்களையும் பிள்ளைகளையும் முறைமாற்றி வேலைக்கு அமர்த்தி, ஆலையை நாள் முழுவதும் ஓட்டும் தந்திரத்தை முதலாளிமார் கையாண்டனர். 1850இல் நீதிமன்றமும் அத்தந்திரத்துக்கு இடமளித்தது. 1847இலேயே பாத் தொகுதியின் உறுப்பினராகச் சபைக்கு மீண்டிருந்த ஆஷ்லி, அரசாங்கம் முன்வைத்த சமரசத்தை ஏற்றார். வேலைநேரத்தின் தொடக்கமும் முடிவும் நிலையாக வரையறுக்கப்பட்டன; சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலை நின்றது; ஆனால் மற்றை நாள்களில் நேரம் பத்தரை மணித்தியாலமாயிற்று. தொழிலாளர் குழுக்கள் கொதித்தெழுந்தன. துரோகி என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. துரோகி என்பது மிகை. அவர் அரை மணித்தியாலத்தை விட்டுக் கொடுத்து அமைதியைப் பெற எண்ணினார். அந்த அரை மணித்தியாலம் அவருடையதன்று என்பதே தொழிலாளரின் குறை. அதனைக் கொடுப்பதற்கு முன் அதற்கு உரியவர்களை அவர் கேட்கவில்லை.

1851இல் தந்தை இறக்க, அவர் ஏழாவது ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவானார். கையில் வந்த நிலம் கடன்பட்ட நிலம். கூலியாட்களின் குடிசைகள் இடிந்து நாறின. அவற்றை மாற்றிப் புதிய வீடுகளைக் கட்டினார்; அதற்காகவும் கடன்பட்டார்; மாளிகையின் ஓவியங்களை விற்றார். நம்பிய நில முகாமையாளர் ஏமாற்றியதால் வழக்குகளிலும் பணம் கரைந்தது. தனியொரு நல்ல நிலப்பிரபு, நிலப்பிரபுத்துவத்தின் கணக்கேட்டைச் சீர்செய்ய முயன்று தோற்ற காட்சி அது.

குடும்ப வாழ்விலும் துயரம் சூழ்ந்தது. தம் தந்தையைப் போலன்றி, அவர் பிள்ளைகளை உயிராக நேசித்தார். ஆறு ஆண்களும் நான்கு பெண்களுமாகப் பதின்மர். இரண்டாவது மகன் பிரான்சிஸ் 1849இல் ஹரோவிற் கற்கும்போதே இறந்தான். மூன்றாவது மகன் மோறிஸ் வலிப்பு நோயால் வருந்தி, 1855இல் சுவிற்சர்லாந்தில் மாண்டான். மகள் மேரியைச் சயரோகம் 1861இல் கொண்டுசென்றது. 1872 ஒக்ரோபரில் மனைவி மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில் மகள் கொன்ஸ்ரன்சும் சயரோகத்துக்குப் பலியானாள். பட்டத்துக்கு உரிய மூத்த மகனோ கடனிலும் ஒழுங்கின்மையிலும் ஆழ்ந்து, தந்தைக்கு ஓயாத வேதனையானார். தந்தை இறந்த ஆறு மாதத்தில், 1886 ஏப்பிரலில், இலண்டன் வீதியொன்றில் வாடகை வண்டிக்குள்ளே தம்மைத் தாமே சுட்டு மாண்டார்.

இத்தனை துயரின் நடுவிலும் பிறர் துயரை அவர் மறக்கவில்லை. 1828 முதல் 1885இல் இறக்கும்வரை மனநோயாளர் நலம் பேணும் ஆணைக்குழுவில் பணியாற்றினார். அதன் பெரும்பகுதியில் தலைவராக இருந்தார். சங்கிலியிற் கட்டப்பட்டு வைக்கோலிற் கிடந்தோர் நோயாளராக மதிக்கப்பட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. கந்தலணிந்த தெருப்பிள்ளைகளுக்கான இலவசப் பாடசாலைகளின் சங்கத்துக்கு நாற்பது ஆண்டு தலைமை வகித்தார். புகைபோக்கிகளுட் சிறுவரை ஏற்றித் துடைப்பிக்கும் கொடுமையை ஒழிக்க இடையறாது போராடினார். 1840இலும் 1864இலும் வந்த சட்டங்கள் ஏட்டளவிலேயே நின்றன. மாளிகைகளின் புகைபோக்கிகளில் சிறுவர் தொடர்ந்து ஏறினர். 1875இல் கேம்பிறிட்ஜுக்கு அருகே ஒரு மனநோயாளர் விடுதியின் புகைபோக்கியிற் சிக்கி, ஜோர்ஜ் புரூஸ்ரர் என்னும் சிறுவன் உயிரிழந்தான். மனநோயாளருக்காக ஐம்பதாண்டு உழைத்த மனிதரின் கண்காணிப்புக்கு உட்பட்ட வகையைச் சேர்ந்த விடுதி அது! அவ்வாண்டிலேதான், துடைப்போர் பொலீசாரிடம் அனுமதி பெற வேண்டுமென்ற வலுவான சட்டம் நிறைவேறியது.

அவருடைய பார்வை இங்கிலாந்தோடு நிற்கவில்லை. சீனாவை நஞ்சூட்டிய அபின் வணிகத்தை 1843இலேயே பாராளுமன்றத்திற் கண்டித்தார். 1870களில் இந்திய நூற்பாலைகளிற் பிள்ளைகள் படும் பாட்டைப் பிரபுக்கள் சபையில் எழுப்பினார். அவர் நெஞ்சம் உண்மையில் நொந்திருக்கலாம். ஆனால் அந்தக் குரல் எடுபட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பம்பாயின் மலிவான உழைப்பு தங்கள் சந்தையைப் பறிக்குமென லங்காஷயர் முதலாளிமார் அஞ்சினர். நேற்றுவரை தம் சொந்த ஆலைப் பிள்ளைகளுக்காக இரங்காதவர், இன்று இந்தியப் பிள்ளைகளுக்காக உருகினர். 1881இன் இந்திய ஆலைச் சட்டம் 7 வயதுக்கு உட்பட்டோரை மட்டுமே விலக்கியது. ஆளுவோரின் கருணைக்குக் கடல் கடந்தால் வயதும் குறைந்துவிடுகிறது.

இதே மனிதர், தொழிலாளருக்கு வாக்குரிமை வழங்கிய 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் பேசினார். சாசன இயக்கத்தையும் சமதர்மத்தையும் அஞ்சி வெறுத்தார். ஏழை உண்ண வேண்டும், உறங்க வேண்டும், செபிக்க வேண்டும். ஆள வேண்டுமென்பது அவர் நினைவிற் புகாத ஒன்று. உயர்ந்தோர் தாழ்ந்தோரைத் தாங்குவதே தெய்வ நியதியென அவர் நம்பினார். அந்நம்பிக்கையே அவரைச் செயலுக்குத் தூண்டியது; அதுவே அவருக்கு எல்லையும் கட்டியது. வயற் கூலியாட்கள் 1872இல் ஜோசப் ஆர்ச்சின் தலைமையிற் சங்கம் அமைத்தும், 1884இல் வாக்குரிமை பெற்றும் தங்கள் கால்களில் எழத் தொடங்கினர். எந்தப் பிரபுவும் அதனைத் தானமாகக் கொடுக்கவில்லை.

1885 ஒக்ரோபர் 1ஆந் திகதி ஷாப்ட்ஸ்பரி மறைந்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்த நாளில், தெரு வியாபாரிகளும் தொழிலாளரும் வறிய பிள்ளைகளும் வீதியின் இருமருங்கும் நின்றனர். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. பின்னர் சென்ற் ஜைல்ஸ் கிராமத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

குடும்பமோ ஆளும் வர்க்கத்தின் பாதையிலே தொடர்ந்தது. மகன் எவலின் ஆஷ்லி பாமர்ஸ்ரனின் செயலாளராக இருந்து, அவருடைய வரலாற்றையும் எழுதி, 1882 முதல் 1885 வரை குடியேற்ற நாடுகளின் உதவி மந்திரியாக இருந்தார். நம் நாடும் அப்போது அவ்வலுவலகத்தின் கீழேயே இருந்தது. எவலினின் பேத்தியே எட்வினா. அவருடைய கணவர் மவுண்ட்பற்றன், 1944இல் தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தவர்; 1947இல் இந்தியாவின் கடைசி வைசிராய். கரோலைனாவின் உரிமையாளராகத் தொடங்கிய குடும்பக் கதை, இந்தியாவை விட்டு நீங்கும் நாள்வரை பேரரசின் கதையோடு பின்னியே சென்றது.

ஷாப்ட்ஸ்பரியை நாம் வெறுக்க வேண்டியதில்லை, வணங்க வேண்டியதுமில்லை. தன் வர்க்கத்தின் சுவரில் அவர் ஒரு சாளரம் திறந்தார். அதன் வழியே ஒளியும் சென்றது. கூக்குரலும் உள்ளே கேட்டது. ஆனால் சுவரை இடிக்க வேண்டுமென்று அவர் எண்ணியதில்லை. கருணையாற் கிடைத்தது கொடுப்பவனின் நலனைத் தொடுமிடத்தில் நின்றுவிடுகிறது. 13 வயது 10 வயதான கதையும், பத்து மணித்தியாலம் பத்தரையான கதையும் இதற்குச் சான்று. உரிமையாகப் பெற்றதை மட்டுமே உழைப்பவனால் காத்துக்கொள்ள இயலும்.

மாணவருக்கு இப்பாடத்தைச் சொல்லும்போது பிரபுவின் பெயரை நாம் மறைக்க வேண்டாம். ஆனால் அதன் அருகே யோர்க் நகருக்குச் சேற்றில் நடந்து சென்ற ஆலைத் தொழிலாளரையும், கையிழந்த வில்லியம் டொட்டையும், நாடு கடத்தப்பட்ட ஜோர்ஜ் லவ்லெஸையும், ஹஸ்கர் சுரங்கத்தில் மாண்ட 26 பிள்ளைகளையும், ஒரு தனிமைப்பட்ட சிறுவனுக்கு அன்பைக் கற்பித்த மரியா மில்லிசையும் எழுதுவோம். அப்போது அந்த ஒரு வரி விடை, வரலாறாக நீளும்.